ஆறாவது ஆள்

அந்தப் பொய்க்கு வயது பதினேழு. மகளைவிட மூன்று வயது மூத்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் காபிக் கடையில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமே என்று லிஃப்ட்காரர் சொன்ன பொய் அது. "ஒரு குளிர்காலம் முழுக்க மலை மேல ரிசார்ட்ல இருந்தேன். தினமும் ஸ்கீதான். உச்சியில கால வச்சா அடிவாரத்துலதான் நிப்பேன்."

இதில் முதல் வாக்கியம் மட்டும் நிஜம். நாலு மாதம் இருந்தார். ஆனால் இருந்தது ரிசார்ட்டின் அடித்தளத்தில், பூட்ஸ் வாடகைக்கு விடும் அறையில். ஈரத்தோடு திரும்பி வரும் பூட்ஸ்களைத் துடைப்பது, சூடான கம்பிகளில் கவிழ்த்துக் காய வைப்பது, ஜோடி சேர்த்து அளவு வாரியாக அடுக்குவது. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் தரை மட்டத்தில். அதன் வழியே ஊரார் கால்கள் மட்டும் தெரியும். விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். ஒரு நாளாவது சறுக்கிப் பார்க்கிறேனே என்று கேட்டதற்கு, "நீ கால ஒடிச்சுக்கிட்டா பூட்ஸ யாரு துடைக்கிறது?" என்றார் முதலாளி. ஒரு தடவை, யாரோ விட்டுப்போன சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது கூட வேலை செய்தவன் ஒரு படம் எடுத்தான். அவ்வளவுதான் அவருக்கும் பனிச்சறுக்குக்கும் இருந்த உறவு.

சொன்ன பொய்யை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அந்தப் பெண் விடவில்லை. "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனா? வேற என்ன தெரியும் அவனுக்கு?" என்று அவளுடைய அப்பா கேட்டபோது, "பனிமலை உச்சியிலேர்ந்து தனியா இறங்கி வந்தவருப்பா அவரு. உங்களுக்கு மாடிப்படி இறங்கவே கைப்பிடி வேணும்" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மாதம் அப்பாவோடு பேச்சில்லை. கடைசியில் கல்யாணம் நடந்தது. அவளுடைய தம்பி அன்றைக்கே லிஃப்ட்காரருக்குப் 'பனிப்புலி' என்று பட்டம் கட்டிவிட்டான். முற்றத்துப் படம் பெரிதாகி, சட்டம் போட்டுக்கொண்டு, கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது.

"எனக்கும் சொல்லித் தருவீங்கதானே?" என்று அவள் முதல் வருஷமே கேட்டாள். "அதுக்கென்ன!" என்றார். அப்புறம் ஒரு வருஷம் கைக்குழந்தை. ஒரு வருஷம் முழங்கால் வலி. ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை. சில வருஷங்களில் வேறு காரணம் எதுவும் அகப்படாமல், "இந்த வருஷம் பனி சரியில்லையாம், கல்லு மாதிரி இறுகிப் போயிருக்காம்" என்று நிபுணரைப் போல உதட்டைப் பிதுக்கினார். அவளும் சரி என்று ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கிளம்பிப் போய்விடுவாள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறவள். வீடு திரும்பும்போது வாதாட அவளிடம் தெம்பு இருக்காது.

இந்த வருஷம் திட்டம் லேபிலிருந்தே வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நாலு மாடி ஏறி வீட்டுக்கு வந்தார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வேலையிலும் அதே கதைதான். லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிஃப்டில் எப்படி மேலே போவது? மெஷின் அறையோ எப்போதும் உச்சியில்தான் இருக்கும். பத்து மாடி, பன்னிரண்டு மாடி, தோளில் கருவிப் பை. அன்றைக்கு மட்டும் மூன்று கட்டடங்கள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக அவரிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தன.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பும் காகிதங்களும் பரந்து கிடந்தன. மனைவி பாதி ஷிஃப்ட் முடித்து வந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் குரலில் புதுத் தெம்பு. எதிரே அவளுடைய தம்பி, தன் இரண்டு வயதுக் குழந்தையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன். நாள் முழுக்க அடக்கி வைக்கிற வாயை அக்கா வீட்டில்தான் திறப்பான்.

"வாங்க பனிப்புலி! உங்க மலை உங்களக் கூப்பிடுது."

"குழந்தை தூங்குது மச்சான். மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் மாமா கூப்பிடுது. நீங்கதான் பதினேழு வருஷமா காதுல வாங்கல."

மனைவி வரிசையாகச் சொன்னாள். நாலு நாள். ரிசார்ட்டில் மூன்று அறை. காலையில் குரூப் கிளாஸ். மகளுக்குச் சின்னவர்கள் பேட்ச்சில் இடம் கிடைத்துவிட்டது. பெரியவர்களில் அந்த வாரம் மற்ற பேட்ச் எல்லாம் நிரம்பிவிட்டதால் இவர்களுக்கென்று ஒரு தனி பேட்ச். ஆறு பேர் இருந்தால்தான் மாஸ்டரை அனுப்புவார்கள். ஆறு பேர் சரியாக இருக்கிறார்கள்: அவள், தம்பி மனைவி, லேப் மேடம், மேடத்தின் கணவர், எக்ஸ்ரேக்காரர், ரிப்போர்ட் டைப் பண்ணும் பெண். அத்தனை பேரும் பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

"நீ வரலியா மச்சான்?" என்றார் லிஃப்ட்காரர், ஒரு நப்பாசையில்.

"இவன யாரு பாத்துக்கறது? பொண்டாட்டிய அனுப்பிட்டு நான் குழந்தைய வச்சுக்கறேன். இத நாலு பேருகிட்ட நீங்க சொல்லணும் மாமா, நானே சொன்னா நல்லா இருக்காது."

"பூட்ஸ் அளவு கேட்டிருக்காங்க" என்றாள் மனைவி. "எல்லாருக்கும் சாதாரண ஷூ அளவையே போட்டுடவா?"

இங்கே லிஃப்ட்காரருக்கு உயிர் வந்தது. "கூடாது. பாதத்த சென்டிமீட்டர்ல அளந்து அனுப்பு. விரல் நுனி முன்னால தொட்டும் தொடாம இருக்கணும். கனமா ரெண்டு சாக்ஸ் போடுறேன்னு யாராவது சொன்னா விடாத, அதுலதான் கொப்புளம் வரும். ஒரே சாக்ஸ், மெல்லிசா, முழங்கால் வரைக்கும். கொக்கிய மேலேர்ந்து போடாம கீழேர்ந்து போடணும்."

மூலையில் உட்கார்ந்திருந்த மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். தம்பி கை தட்டப் போய், மடியில் குழந்தை நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். மனைவியின் முகத்தில் காபிக் கடை வெளிச்சம்.

பொய் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்த ரகசியம் இதுதான். பாதி நிஜம் கலந்த பொய்.

"உங்களுக்கு எந்த லெவல் போடட்டும்? இதுல மூணு இருக்கு. முதல்முறை, கொஞ்சம் தெரியும், நன்றாகத் தெரியும்."

"இதென்னக்கா கேள்வி? நாலாவதா புலின்னு ஒண்ணு இருக்கா பாரு."

'நன்றாகத் தெரியும்' என்ற கட்டத்தில் குறி விழுந்தது. வகுப்பு தேவையில்லை, தனியாகப் போகலாம். லிஃப்ட்காரர் மறுக்கவில்லை. அவருக்கு அதுவே வசதி. மனைவி போட்ட திட்டத்தைவிடத் துல்லியமாக அவர் ஒன்று போட்டு வைத்திருந்தார். காலையில் எல்லோரும் வகுப்புக்குப் போனதும், 'நான் மேல போயிட்டு வர்றேன்' என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. வளைவு தாண்டியதும் பின்கதவு வழியாக அறைக்குத் திரும்பிப் போர்வைக்குள் நுழைவது. மதியம் குழாயடியில் சட்டையைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டு கீழே வருவது. நாலு நாள் தூக்கம். கடைசியாக எப்போது நாலு நாள் தூங்கினார் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

தம்பி போன பிறகு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "படிப்ப முடிச்சதுக்கப்புறம் யாரும் எனக்கு எதுவும் சொல்லிக் குடுத்ததில்லீங்க. வேலை, சமையல், குழந்தை வளக்கிறது எல்லாம் நானே தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதுதான். ஒருத்தர் முன்னால நின்னு, இப்படிக் கால வையின்னு சொல்ல, நான் வைக்கணும். தப்பா வச்சா அவங்க திருத்தணும். அதுக்காகத்தான் போறேன், பனிக்காக இல்ல."

அவர் தட்டை வாங்கி அடுக்கினார்.

புதன்கிழமை ரிப்போர்ட் டைப் பண்ணும் பெண் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பனியே பார்க்காமல் சறுக்கியவள் அவள் ஒருத்திதான் என்று லேபில் பேசிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்.

மனைவி பனிச்சறுக்குப் பள்ளிக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆறு பெயர் இருந்தால் மாஸ்டர் வருவார். இல்லாவிட்டால் வேறொரு குழுவுக்குப் போய்விடுவார். மனைவி கேட்காத ஆளில்லை. லேபில் மிச்சமிருந்தவர்களுக்கு லீவு இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் குளிர் ஆகாது. உறவில் ஒருத்தி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இல்லை என்றாள்.

மேடம்தான் வழி கண்டுபிடித்தார். முப்பது வருஷம் லேப் நடத்துகிற அம்மாள். குழப்பம் என்று வந்துவிட்டால் அரை நிமிஷத்தில் ஒரு முடிவு சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வலிக்கும்.

"ஏம்மா, வீட்டுக்குள்ளேயே பனிப்புலிய வச்சுக்கிட்டு வெளிய வாத்தியார் தேடுறியா? உன் வீட்டுக்காரரே நம்ம அஞ்சு பேருக்கும் சொல்லித் தரட்டும். லிஃப்ட ஏத்தி இறக்கறவருக்கு நம்மள ஏத்தி இறக்கத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் கதவைத் திறந்ததுமே மனைவி இதைச் சொன்னாள். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"நானா?"

"நீங்கதான். பதினேழு வருஷம் கழிச்சாவது வாக்கைக் காப்பாத்துங்க." ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாஸ்டருன்னா யாரோ ஒருத்தரு. எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. நீங்கன்னா பயமில்ல."

இதைவிட ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். "பாக்கலாம்" என்றார். பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிய உடம்பு. படுத்ததும் தூங்கிவிடும் என்று பார்த்தால் அன்றைக்குப் பார்த்துத் தூக்கமும் கைவிட்டது. கண்ணை மூடினால் அந்த அடித்தள அறையின் ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு உள்ளே வந்த ஆட்கள், பூட்ஸை இழுத்தபோது கத்தியவர்கள், எல்லோரும் வரிசையில் வந்தார்கள். அத்தனை பேரும் மாஸ்டரோடு போனவர்கள். மேடத்துக்கு வயது ஐம்பத்தெட்டு.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. மாஸ்டர் இல்லாமல் பழகுகிற குழுவுக்கு அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். மனைவி அதை லேபில் அச்செடுத்து வந்து, மடித்து, அவருடைய கருவிப் பையில் வைத்தாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. மறந்துடாதீங்க."

'பனிச்சறுக்கில் எனக்கு முழுத் தேர்ச்சி உண்டு. கீழ்க்கண்ட ஐவரின் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு.' கீழே ஐந்து பெயர்கள். முதல் பெயர் மனைவியுடையது. கடைசியில் ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு குடியிருப்பில் அவருக்கு வேலை. பன்னிரண்டு மாடி. லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சோதனை அட்டையில் இந்த மாதக் கையெழுத்து இல்லை. குடியிருப்பின் செயலாளர் பேனாவோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு சார். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, போதும்."

"பிரேக் பாக்கணும்."

"காலையிலேர்ந்து நானே பத்து தடவ போயிட்டு வந்தேன். உயிரோடதானே நிக்கறேன்?"

"பாக்காமப் போட மாட்டேன் சார்."

சோதித்து முடிக்கும்வரை லிஃப்டில் யாரையும் ஏற்றக் கூடாது, அவரையும் சேர்த்து. ஆகவே படிக்கட்டுதான். பன்னிரண்டு மாடி ஏறினார். ஏழாவதில் ஒரு தடவை, பத்தாவதில் ஒரு தடவை உட்கார்ந்தார். மெஷின் அறையில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார், தேய்மானத்தை அளந்தார், மூட்டை எடை ஏற்றி நடுவழியில் நிறுத்திப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார்.

"அப்பவே சொன்னேன்ல?" என்றார் செயலாளர்.

"நீங்க சொன்னீங்க. நான் பாக்கல."

இருபத்திரண்டு வருஷத்தில் பார்க்காத லிஃப்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கம்பெனியில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். ஒரு பதவி உயர்வும் இதனால் தட்டிப் போனது. வாயால் எது வேண்டுமானாலும் சொல்லிவிடுவார். கையெழுத்து வேறு.

பையை மூடப்போனவர் கண்ணில் மடித்த காகிதம் பட்டது. எடுத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனா கையிலேயே இருந்தது. போட்டுவிட்டால் இன்னும் ஒரு வாரத்துக்குப் பொய் தப்பித்துவிடும். அங்கே போய்க் கால் சுளுக்கியது என்று நடிக்கலாம், காய்ச்சல் என்று படுக்கலாம். யோசிக்க யோசிக்க அவருக்கே அலுப்புத் தட்டியது. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடிதான் ஏறுவது? முதல் பெயரைப் பார்த்தார். பேனாவை மூடினார். மணி மூன்றரை.

லேபுக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். நேரே உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்தொன்று. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தார்கள். அவர் எண் வந்தபோது மணி நாலு பத்து.

மனைவி தலை நிமிராமலே, "உக்காருங்க, கைய நீட்டுங்க" என்றாள். அப்புறம்தான் பார்த்தாள். "என்னங்க, இங்க? யாருக்காவது ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. பேசணும்."

"டோக்கன் எடுத்துக்கிட்டா பேச வந்தீங்க? கையெழுத்துப் போட்டீங்களா? போட்டோ வரலியே."

லிஃப்ட்காரர் ரத்தம் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தச் சிறு பலகையிலேயே நீட்டி வைத்தார்.

"எனக்கு ஸ்கீ பண்ணத் தெரியாது."

"பழக்கம் விட்டுப்போச்சா? கால வச்சா தானா வந்துடும்."

"விட்டுப்போகல. வந்ததே இல்ல. ஒரு நாள்கூட அது மேல ஏறினதில்ல. பூட்ஸ் துடைக்கிற வேலை பாத்தேன் அங்க. நாலு மாசமும் அதுதான்."

அவள் கையில் புதுப் பஞ்சு ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சுவத்துல இருக்கிற படம்?"

"யாரோ விட்டுட்டுப் போன கட்டைய எடுத்து வைக்கப் போனேன்."

"பனி கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னது?"

"சும்மா."

"முழங்கால்?"

"அது நிஜம்."

அவள் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"எங்கப்பாவோட ரெண்டு மாசம் பேசாம இருந்தேன். இத வச்சுத்தான் அவரோட மல்லுக்கட்டினேன். கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ என்ன சொன்னாரு தெரியும்ல? 'உன் புருஷன என்னையும் ஒரு தடவ மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னாரு. நீங்க பக்கத்துல நின்னு, ஆகட்டும் மாமான்னீங்க."

"ஆமா."

"ஆமாவா?"

"வேற என்ன சொல்றது? சொன்னேன்தான்."

வெளியே யாரோ இருமினார்கள். அவள் பஞ்சைக் குப்பையில் போட்டாள்.

"இத்தன வருஷம் சொல்லாதவரு இன்னிக்கு எதுக்குச் சொல்றீங்க?"

"கையெழுத்துக் கேட்டாங்க. போட முடியல."

"ஓஹோ." அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். "எங்கிட்டப் பொய் சொல்லலாம். காகிதத்துகிட்ட சொல்லக் கூடாது."

முதல் பெயர் உன்னுடையது, அதனால்தான் முடியவில்லை என்று சொல்லலாம்; நிஜமும்கூட. ஆனால் பதினேழு வருஷப் பொய்க்குப் பின்னால் அதையும் நீட்டினால், அது இன்னொரு சமாளிப்பாகத்தான் காதில் விழும். லிஃப்ட்காரர் பலகையில் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

"சண்டை போடணும்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வது போல. "நல்லா போடணும். வீடு ரெண்டாகணும். ஆனா இப்ப முடியல. கால் ரெண்டும் மரத்துப் போச்சு. வெளிய இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க." கண்ணை மூடித் திறந்தாள். "எனக்குக் கிளாஸும் போச்சு. மாஸ்டரும் இல்ல, நீங்களும் இல்ல."

"கிளாஸ் போகல. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? அப்ப நானும் முதல்முறைதான். பேட்ச்சுல என்னையும் சேத்துக்கலாம். ஆறு பேரு ஆயிடும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து. போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினாள்.

மறுமுனையில் பள்ளிப் பெண்ணின் கறார்க் குரல். "பெயர் இருக்கு சார். ஆனா 'நன்றாகத் தெரியும்'னு பதிவாயிருக்கே?"

"அது தப்புங்க. முதல்முறை."

"நன்றாகத் தெரியும்ங்கறதுக்கும் முதல்முறைக்கும் ரொம்ப தூரம் சார். யார் இப்படித் தப்பாக் குடுத்தது?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "அவருதாங்க குடுத்தாரு. எழுதிக்குங்க, அவருதான்." திருப்பிக் கொடுத்தாள்.

"மாத்தியாச்சு. ஆறு பேர். மாஸ்டர் வருவாரு" என்றது போன்.

அந்த நேரம் பார்த்து மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வரிசை நகரலியேன்னு பாத்தேன். அட, நம்ம மாஸ்டர்!"

மனைவி எழுந்து கையுறை மாற்றத் தொடங்கினாள். "அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம் மேடம்." உதவிக்கு வரமாட்டாள் என்பது அந்த முதுகிலேயே எழுதியிருந்தது.

லிஃப்ட்காரர் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னார். மேடம் வாயைப் பிளந்தபடி கேட்டார்.

"அப்ப பூட்ஸ் பத்தி அவ்வளவு சொல்லி அனுப்பினீங்களே?"

"அது அத்தனையும் நிஜம் மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முதுகைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். "எனக்கு ஐம்பத்தெட்டு வயசுய்யா. உங்கள நம்பி உருண்டிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த ஐந்து பேர் முடியும்வரை அவர் கூடத்தில் காத்திருந்தார். மனைவி சொன்னபடி அங்கிருந்தே மச்சானுக்கும் போன் செய்தார். மச்சான் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது. மகளுக்கும் செய்தார். அவள் சிரிக்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றதும், "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அந்த இரண்டில் இதுதான் அதிகம் வலித்தது.

ஐந்தரை மணிக்கு மனைவி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. அவள் உட்கார்ந்தாள், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. அவளுடைய போனில் பள்ளியிலிருந்து கடிதம் வந்து விழுந்தது. ஆறு பெயர்கள், மாஸ்டர் பெயர், நாலு நாளுக்கான நேரப் பட்டியல். அவள் நிதானமாக மேலிருந்து கீழாகப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"வீட்டுக்குப் போனதும் பேசலாமா?" என்றார் அவர்.

"இன்னிக்கா? போய்ச் சாப்பிட்டுப் படுக்கறதுக்கே எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்குக் காலை ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு டியூட்டி. அடுத்த வாரம் முழுக்க எனக்கு ரெண்டு ஷிஃப்ட்." அவள் பட்டியலை விரலால் நகர்த்தினாள். "தினமும் ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கிளாஸ். அதுல நான் வாயே திறக்க மாட்டேன். கத்துக்கத்தான் வர்றேன்."

"சரி."

"முதல் நாள் மத்தியானம்தான் அறை திறந்து விடுவாங்க, சாமான எடுத்து வைக்கணும். நாலாம் நாள் கிளம்பணும்." விரல் ஓர் இடத்தில் நின்றது. "ரெண்டாம் நாள் மத்தியானம் ஒண்ணும் போடல. சாப்பிட்டதும் பொண்ண மேடத்தோட அனுப்பிடலாம். ரெண்டு மணிலேர்ந்து சண்டைய வச்சுக்கலாமா?"

"எத்தன நேரம் ஆகும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"மூணாம் நாள் மத்தியானத்தையும் காலியா வச்சுக்குங்க" என்றாள்.

மூன்றாவது பஸ் நின்றது.